சம்பளம் கொடுப்பவரும் மருந்து கொடுப்பவரும்

(இலங்கையின் மலையகத் தோட்டப் பகுதியான லுணுகலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசாங்கம் தன் பொறுப்பில் இருக்கும் மக்களின் சுகாதாரத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தால் என்ன நடக்கும்? இதுதான் எனக்குத் தரப்பட்ட பொருள். உலகத்தில் இன்று இந்தக் கேள்வி படைவீரர் குடும்பங்களை வைத்தும் பேசப்படுகிறது. அங்கிருந்து தொடங்கி விரைவில் நம் மலைக்கு ஏறிவிடுகிறேன்.

அமெரிக்காவில் படையில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் ட்ரைகேர் என்று ஒரு மருத்துவத் திட்டம் உண்டு. ஏறத்தாழ 95 இலட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். பணம் அரசாங்கத்தினுடையது. யார் எந்த வைத்தியரிடம் போகலாம், எந்தப் பில்லுக்குக் காசு விடுவது என்ற நிர்வாகம் தனியாருடையது. நாட்டைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து இரண்டு கம்பனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 1ஆம் திகதி மேற்குப் பிரிவில் பழைய கம்பனி போய் ட்ரைவெஸ்ட் என்ற கம்பனி வந்தது. வந்த வேகத்திலேயே விசேட வைத்தியரைப் பார்ப்பதற்கான அனுமதிகள் தேங்கிப் போயின. படைத்துறையின் சுகாதார முகமையே தலையிட்டு, கம்பனியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மாதக்கணக்கில் விதியைத் தளர்த்தியது.

இந்தியாவில் ஓய்வுபெற்ற படையினருக்கு 2003 ஏப்ரலில் ஒரு பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சிறு வருத்தங்களுக்குத் திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையங்கள். பெரியவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகள். பில்லைச் சரிபார்க்க வேறொரு நிறுவனம். பில் காசு நிலுவையில் நின்றால் ஆஸ்பத்திரிக்காரர் கையை விரிக்கிறார், அலைகிறவர் வயதான ஒரு ஹவில்தார். படையினருக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தையும் நடத்தக் கொடுத்தது ஒரு தனியார் காப்புறுதிக் கம்பனியிடம்.

ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் குழப்பம் வந்தபோது அரசாங்கம் ஏன் உடனே ஓடி வந்தது? படைவீரருக்கு வாக்கு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, அவருக்காகப் பேசாத அரசியல்வாதி அங்கே பிழைக்க முடியாது. ஒப்பந்தக்காரர் செய்யும் பிழையைத் திருத்துகிற பலம் நோயாளியின் வாக்கில் இருக்கிறது. இந்தப் புள்ளியிலிருந்துதான் நம் கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து மக்களாகிய நம்முடைய சுகாதாரத்தைத் தனியார் கையில் கொடுத்து 150 வருஷத்துக்கு மேலாகிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து வந்த நம் முப்பாட்டன்மார் வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியெல்லாம் செத்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களைப் பார்க்கவும் வைத்தியர் இல்லை. இந்தச் சாவுகள் வெளியே தெரிந்து கேள்வி எழுந்த பிறகுதான் 1872இல் 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கோப்பிப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, பொறுப்பைத் தோட்டத் துரைமார் அங்கம் வகித்த குழுக்களின் கையில் கொடுத்தார்கள். வேலை வாங்குகிற துரையே வைத்தியத்துக்கும் அதிகாரி. அந்த ஏற்பாடு எட்டு வருஷம்கூட ஒழுங்காக நிற்கவில்லை. 1880இல் வேறொரு சட்டம் போட்டு அரசாங்கம் பொறுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, அதுவும் தோட்டக்காரர்கள் செல்வாக்காக இருந்த காலத்திலேயே, இது சரிவராது என்று கண்டுகொண்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் முழுவதும் இழுத்துக்கொள்ளவில்லை. 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டத்தைப் படித்தால் துரையின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் யாருக்கு வருத்தம் என்று விசாரித்து அறிய வேண்டும். அவசர மருந்து கொடுக்க வேண்டும். மாவட்ட வைத்திய அதிகாரி சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் சாப்பாடும் இருக்க இடமும் கொடுக்க வேண்டும், அந்த மாதம் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. நல்ல விதிகள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விதியும் துரையைப் பார்த்துப் பேசுகிறது. தொழிலாளியைப் பார்த்து, இது உன் உரிமை, கிடைக்காவிட்டால் இன்னாரிடம் போய்க் கேள் என்று சொல்லுகிற வாசகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

தோட்டத்து மருந்துக் காம்பரா இப்படித்தான் நிலைபெற்றது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் காம்பரா தொழிற்சாலைக்கு மேலே, ஒரு சரிவில் இருந்தது. போத்தலை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு சிவப்புத் தண்ணி, வயிற்றுக்கு ஒரு வெள்ளைத் தண்ணி. சுவரில் தொங்கும் கொப்பியில் பேரும் செக்ரோல் என்னும் பேர்ப்பதிவு நம்பரும் எழுதுவார்கள். வருத்தம் என்ன என்பதற்கு முன்னால் செக்ரோல் நம்பர். பேர்ப்பதிவு இல்லாத கிழவிக்கும், தோட்டத்தில் வேலை செய்யாத மருமகனுக்கும் அந்தக் கொப்பியில் எந்த வரியில் எழுதுவது என்று காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஐயா தடுமாறுவார். அவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். அவர் டாக்டர் இல்லை, தோட்ட மருத்துவ உதவியாளர். நல்ல மனிதர். நள்ளிரவில் டோர்ச் லைட்டோடு லயத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். ஆனால் அவருக்குச் சம்பளம் போட்டதும் தோட்டத்து ஒப்பீஸ்தான், குவாட்டர்ஸ் கொடுத்ததும் அதே ஒப்பீஸ்தான். பச்சைக் கொழுந்து குவிந்து கிடக்கிற நாளில் "இந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் ஓய்வு வேண்டும்" என்று எழுத அவருக்கு எவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்கும்! இன்றும் அவர்களில் பலர் அதே நெருக்கடியில் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். மகப்பேற்று நன்மைகள் சட்டம், 1939. பிற்காலத் திருத்தங்களின்படி, பிள்ளைப்பேற்று விடுமுறைக்குக் கூலியில் ஏழில் ஆறு பங்கு கொடுக்க வேண்டும். தோட்டம் பிரசவ வாட்டு, மருத்துவிச்சி போன்ற மாற்று வசதிகளைச் செய்து கொடுத்தால் ஏழில் நான்கு பங்கு போதும். மிச்ச இரண்டு பங்கை அந்தத் தாய் தன் சம்பளத்திலிருந்து வாட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்றுதானே பொருள்? தோட்டத்து வைத்தியத்தை யாரோ நமக்குப் போட்ட பிச்சை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இன்று பிரசவம் அநேகமாக எல்லாமே அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். அப்படியானால் தோட்டத்து வாட்டின் பேரில் யாராவது பங்கைக் குறைக்கிறார்களா என்று ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளத் துண்டைக் கையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

சுதந்திரம் வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நம் குடியுரிமை போயிற்று, அடுத்த வருஷம் வாக்கும் போயிற்று. இந்த நாட்டில் இலவச வைத்தியமும் இலவசக் கல்வியும் வளர்ந்த பொற்காலம் அதுவேதான். தேயிலை ஏற்றுமதியில் வந்த வருமானத்தில் நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகள் எழுந்தன. தேயிலை கிள்ளியவர்களுக்கு மட்டும் "உங்களைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டார்கள். வாக்கு இல்லாதவரின் காய்ச்சலை எந்த மந்திரி விசாரிப்பார்? படைவீரர் குடும்பத்துக்கும் நம் குடும்பத்துக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். அவர்களுக்கு ஒப்பந்தக்காரர் பிழைவிட்டால் அரசாங்கத்தைப் பிடித்து உலுக்க முடிந்தது. நமக்கோ அரசாங்கமே நம்மைத் தெரியாது என்றது.

அரசாங்கம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றை ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் என்ற அரச நிறுவனங்கள் நடத்தின. அந்த மாற்றத்தின் நடுவில்தான் 1974 பஞ்சம். தோட்டங்களில் சாவு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைத் தாண்டி ஏறியது. மரவள்ளி இலையை அவித்துத் தின்று பிள்ளைகளைப் புதைத்த தலைமுறையில் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பிறகு எண்பதுகளில் பிள்ளைக் காம்பராக்கள் திருத்தப்பட்டன, தண்ணீரும் மலசலகூடமும் வந்தன, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது, சிசு மரணம் குறைந்தது. அரசாங்கம் மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கும், மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே தசாப்த இடைவெளியில் சாட்சி கிடைத்தது.

1992இல் மீண்டும் தனியார். இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போயிற்று. பின்னர் அது 53 வருஷக் குத்தகையாயிற்று. நிலம் இன்றும் அரசாங்கத்தினுடையது. அந்தக் கம்பனிகளில் திறைசேரிக்குப் பொற்பங்கு என்னும் விசேட உரிமைப் பங்கு ஒன்றும் இருக்கிறது. வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றுக்காக அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் உருவாயிற்று. நாம் ட்ரஸ்ட் என்று சொல்லுகிறோமே, இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், அதுதான். தொண்ணூறுகளில் சில தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. எல்லாவற்றையும் ஏற்கவில்லை. சுகாதாரமோ அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் மாகாண சபையின் விடயம்.

இப்போது உங்கள் தோட்டத்து மருந்துக் காம்பராவின் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போவீர்கள்? துரையிடம் போனால் ட்ரஸ்டைக் கேட்கச் சொல்லுவார். ட்ரஸ்டில் கேட்டால் ஆள் நியமிப்பது கம்பனியின் வேலை. சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில், அது தோட்டத்துக் கட்டடம், நாங்கள் கை வைக்க முடியாது என்பார்கள். கம்பனிகளும் ஒரு நியாயம் சொல்லுகின்றன: நாட்டில் வேறு எந்த முதலாளியும் தொழிலாளியின் குடும்பத்துக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, நாங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? கேள்வி சரிதான். அப்படியானால் சுமையை இறக்கி வையுங்கள், இறக்கும் இடத்தில் அரசாங்கம் கை நீட்டி வாங்கட்டும் என்பதே என் பதில். இத்தனை வருஷமாக ஒருவர் இறக்கப் பார்ப்பதும் மற்றவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வதுமாகவே காலம் போகிறது.

இதன் விளைவைப் பிள்ளைகளின் உடம்பில் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டங்களில் 31.7 வீதம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை. இதற்கு மருந்துக் காம்பரா மட்டும் காரணமில்லை. கூலியும் சாப்பாடும் தாயின் இரத்தச்சோகையும் லயத்துக் குளிரும் சேர்ந்த கணக்கு இது. ஆனால் பிள்ளை வளரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்து, தாயைக் கூப்பிட்டுச் சொல்லி, அடுத்த மாதம் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஒருவர் ஒவ்வொரு டிவிசனிலும் நிரந்தரமாக இருந்திருந்தால் இந்த எண் இப்படி நின்றிருக்காது.

குளவி கலைந்த நாளை நினைத்துப் பாருங்கள். மலை உச்சியில் பத்துப் பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேயிலைச் செடிக்கு அடியில் கூடு. கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், ஓட முடியாத வயதான அம்மா கீழே விழுகிறார், முகம் முழுவதும் வீங்குகிறது, மூச்சு அடைக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தேடுவது வாகனத்தை. கொழுந்து லொறி எங்கே, தொழிற்சாலைக்குப் போய்விட்டதா, திருப்பி அனுப்பச் சொல்ல ஒப்பீஸில் யார் இருக்கிறார்கள், துரை டெலிபோனை எடுக்கிறாரா? மூச்சு அடைக்கிறவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர். அந்த நிமிஷங்கள் அனுமதி கேட்பதில் கழிகின்றன. லுணுகலை ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து பதுளைக்கு அனுப்பினால், பசறை வழியாக அந்த வளைவுகள். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்களே, அந்தப் பதின்மூன்றாம் கட்டை தாண்டித்தான் லுணுகலை நோயாளிகள் எல்லாரும் பதுளைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கே தமிழில் நோயைக் கேட்டு எழுத ஆள் இல்லாவிட்டால், வந்த வழியெல்லாம் பட்ட பாடு வீண்.

இதே மலையில் வேறொரு தனியார் ஒப்பந்தம் நமக்கு நல்லது செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ். இந்திய அரசின் நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் வடக்கிலிருந்து தொடங்கி மற்ற மாகாணங்களுக்கு விரிந்தபோது நம் ஊவாவும் சேர்ந்தது. ஆரம்பத்தில் நடத்தியது ஜீவீகே ஈஎம்ஆர்ஐ என்ற இந்திய நிறுவனம். தமிழ்நாட்டில் 108 அம்புலன்ஸை நடத்துகிறவர்கள். பிறகு 2018இலேயே சட்டம் போட்டு, சுவசெரிய மன்றம் என்ற அரசாங்க அமைப்பாக்கிவிட்டார்கள். அது ஏன் வெற்றிபெற்றது? அழைக்கிறவர் யாரிடம் வேலை செய்கிறார் என்று அங்கே கேட்பதில்லை. செக்ரோல் நம்பர் கேட்பதில்லை. காசு கேட்பதில்லை. வண்டி வராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யாரென்று ஊருக்கே தெரியும். தனியார் கையாலும் மருந்து வரலாம், அரசாங்கத்தின் கையாலும் வரலாம். என்னுடைய எதிர்ப்பெல்லாம் ஒன்றுக்குத்தான்: நம் கூலியைக் கையில் வைத்திருப்பவரே, நமக்கு வருத்தமா இல்லையா என்று தீர்மானிக்கிறவராகவும் இருக்கக் கூடாது. கூலி குறைவாக இருக்கும் இடத்தில் இது இன்னும் கொடுமை. 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. ஒரு நாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் அந்த வீட்டில் பால்மா இல்லை. அந்த அம்மா தன் நெஞ்சுவலியைத் தானே மறைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்.

அம்புலன்ஸ் வந்தாலும் தோட்டத்து வாசலோடு தார் ரோட்டு முடிந்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய அதுவே தடையாக நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். ஆகவே இப்போது லயத்துக்குப் போகிற ரோட்டைப் போடச் சொல்லி லுணுகலைப் பிரதேச சபையைக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. போன வாக்கு நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது; அந்த வாக்கைக் கேட்டு வருகிறவரிடம் பாலத்தையும் கூரைத் தகட்டையும் கேட்கிற நாம், அம்புலன்ஸ் ஏறுகிற ரோட்டை முதலில் கேட்போம்.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்க வேண்டியது, தோட்டத்து மருந்துக் காம்பராக்களை அது தன் ஆளுகைக்குக் கீழ் கொண்டுவர வேண்டும் என்பதே. இப்போது வேலை செய்யும் மருத்துவ உதவியாளர்களையும் மருத்துவிச்சிகளையும் தெருவில் விடாமல், பயிற்சி கொடுத்து, அரசாங்கச் சம்பளத்தில் எடுக்க வேண்டும். கம்பனி அதற்கு இப்போது செலவழிக்கும் பணத்தை மாகாணத்துக்குச் செலுத்தட்டும். தமிழ் தெரிந்த குடும்ப நல உத்தியோகத்தர் போதவில்லை என்று திணைக்களம் சொல்லும். நம் பாடசாலைகளில் உயிரியல் படித்துவிட்டுக் கொழும்பில் துணிக்கடைக்குப் போகிற பிள்ளைகளை அவர்களுக்குக் காட்டுவோம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. இங்கே இருக்கிற இளைஞர்களிடம் அதைக் கேட்டுக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பதுளை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். லுணுகலை, பசறை, மடுல்சீமைப் பகுதிகளில் எந்தெந்த மருந்துக் காம்பரா அரசாங்கத்துடையது, எது தோட்டத்துடையது, எதில் யார் என்ன தகுதியோடு வேலை பார்க்கிறார், எது எத்தனை மாதமாகப் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தால் அதைப் பிரதி எடுத்து ஒவ்வொரு லயத்திலும் ஒட்டுங்கள். வராவிட்டால் முதலில் மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யுங்கள். விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதிவிடுங்கள்.